பிஎம்எஸ்5003 தூசி சென்சார்: கோத்தகிரியில் வைத்துப் பார்த்தபின்

பிளான்டவர் நிறுவனத்தின் பிஎம்எஸ்5003 சென்சாரை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சி மொழியில் நூறு வரி எழுதத் தயங்காதவர் என்றால் தாராளமாக வாங்கலாம். மலையில் வைக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒன்று மூடுபனி. அதைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். மற்றதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை: சுத்தமான காற்றின் எண்கள், சென்சாரை இணைக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட் (பைட்டுகள் ஒவ்வொன்றாக வரும் வழி) விழுங்கிவிடும் எண்களாக இருக்கின்றன. ப்ரோகிராமில் இருக்கும் தவறுக்குச் சென்சார் பழி சுமக்கிறது. அதனால் இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் குன்னூரில் ஒரு கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். வீடு கோத்தகிரியில். அம்மாவுக்கு வீசிங் உண்டு. எங்கள் பக்கத்தில் குளிக்க வெந்நீர் போடுவது பல வீடுகளில் இன்னும் விறகில்தான். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் சவுக்கும் எரியும். காலையில் அந்தப் புகை எழும்பாமல் பள்ளத்திலேயே படுத்துக் கிடக்கும். எந்த நேரத்தில் அம்மா ஜன்னலைத் திறக்கலாம், எந்த நேரத்தில் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இதை வாங்கினேன். ரெடிமேட் காற்றுத்தர மீட்டர்களும் கிடைக்கின்றன. ஆனால் அவை காட்டும் எண் எங்கிருந்து வருகிறது என்று உள்ளே போய்ப் பார்க்க முடியாது. எனக்கு அது பார்க்க வேண்டும்.

பெட்டி 50 மில்லிமீட்டர் நீளம், 38 அகலம், 21 உயரம். உள்ளே ஒரு லேசர், ஒரு ஒளி உணரி, ஒரு குட்டி ஃபேன். ஃபேன் இழுக்கும் காற்றோடு வரும் துகள்கள் லேசர் ஒளியைச் சிதறடிக்கும். அந்தச் சிதறலை வைத்து உள்ளே இருக்கும் சில்லு துகள்களை எண்ணி, எடையைக் கணக்குப் போட்டு அனுப்புகிறது. எடையை அது நேரடியாக அளப்பதில்லை, மதிப்பிடுகிறது. இதை மறக்கக் கூடாது. ஃபேனுக்கு 5 வோல்ட் வேண்டும், ஆனால் சிக்னல் கம்பிகள் 3.3 வோல்ட். இதையும் மறக்கக் கூடாது. கேபிள் பற்றிச் சொல்லும்போது திரும்ப வருகிறேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அது பேசும் முறை. 9600 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். கேட்காமலே அனுப்பிக்கொண்டிருக்கும். காற்றில் மாற்றம் இருந்தால் 200 முதல் 800 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, காற்று நிலையாக இருந்தால் 2.3 செகண்டுக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் 32 பைட் கொண்ட ஒரு ஃபிரேம். முதல் இரண்டு 66, 77. அடுத்த இரண்டு 0, 28. அதாவது இனி 28 பைட் பாக்கி. பிறகு இரண்டிரண்டு பைட்டாக 13 எண்கள்: பிஎம் 1, பிஎம் 2.5, பிஎம் 10 (அத்தனை மைக்ரானுக்கு உட்பட்ட தூசியின் எடை) மூன்றும் ஒரு கணக்கில் ஒரு தடவை, வெளிக்காற்றுக்கான கணக்கில் இன்னொரு தடவை. அதன்பின் 0.1 லிட்டர் காற்றில் 0.3, 0.5, 1, 2.5, 5, 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எத்தனை என்று ஆறு எண்கள். பதின்மூன்றாவது பதிப்பு எண்ணும் பிழைக் குறியீடும். கடைசி இரண்டு பைட் செக்சம்: அதற்கு முன் வந்த 30 பைட்டையும் கூட்டிய தொகை. எல்லா இடத்திலும் பெரிய பைட் (எண்ணின் பெரிய மதிப்புப் பாதி) முதலில்.

தலைப்பு, நீளம், செக்சம் மூன்றும் இருக்கிற ஒரு கருவியை மாணவர்கள் கையில் கொடுப்பது எனக்கு மனநிறைவு தருகிறது. பைனரி டேட்டாவைச் சி-யில் படிப்பது என்றால் என்ன என்று இந்த 32 பைட்டில் எல்லாம் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

சரி, அந்த விழுங்கப்படும் எண்கள்.

அண்ணன் மகன் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான். இதே சென்சாரை அரவேணுவில் அவர்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே வைத்து, குளிர்காலத்தில் எடுத்த லாக் ஃபைலை எனக்கு அனுப்பினான். "அத்தை, நடுநடுவுல டேட்டாவே வரல. சென்சார் போயிடுச்சு போல" என்றான். நான் லாகைத் திறந்து பிஎம் 2.5 எண்களை மட்டும் எடுத்து, எந்த எண் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று வரிசைப்படுத்தினேன். 12 நிறைய இருந்தது. 14 நிறைய இருந்தது. 13 ஒன்றுகூட இல்லை. 16 இருக்கிறது, 17 இல்லை. 18 இருக்கிறது, 19 இல்லை. பிறகு 20, 21, 22 என்று ஒழுங்காகப் போகிறது. கெட்டுப்போன சென்சார் இப்படி மூன்று எண்களை மட்டும் பொறுக்கி எடுக்காது. "உன் டெர்மியாஸ் செட்டிங்கை அனுப்புடா" என்றேன். சீரியல் போர்ட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் அமைப்புதான் டெர்மியாஸ்.

லினக்ஸில் சீரியல் போர்ட்டைத் திறந்ததும், மறுமுனையில் ஒரு மனிதர் கீபோர்டில் தட்டிக்கொண்டிருக்கிறார் என்றே கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எடுத்துக்கொள்கிறது. அந்தக் கால டெர்மினல்களின் பழக்கம் அது. என்டர் தட்டினால் வருவது 13; அதைப் புது வரிக்கான 10 ஆக மாற்றித் தருகிறது. இது ஐசிஆர்என்எல் என்ற கொடியின் (போடவும் நீக்கவும் கூடிய ஓர் அமைப்பின்) வேலை. கன்ட்ரோல்-எஸ் என்றால் 19, 'அனுப்புவதை நிறுத்து' என்று பொருள். கன்ட்ரோல்-கியூ என்றால் 17, 'தொடரலாம்' என்று பொருள். இந்த இரண்டையும் கெர்னல் தனக்கு வந்த கட்டளையாக எடுத்துக்கொள்ளும், ப்ரோகிராமுக்குக் கொடுக்காது. இது ஐஎக்ஸான் என்ற கொடி. இரண்டுமே தொடக்கத்தில் போடப்பட்டுத்தான் இருக்கும்.

அண்ணன் மகனுடைய ப்ரோகிராமில் ஐகேனான், எக்கோ, ஐசிக் மூன்றையும் நீக்கியிருந்தான். பல பாடங்களிலும் அந்த மூன்றைத்தான் நீக்கச் சொல்கிறார்கள். அவை லோக்கல் கொடிகள். இன்புட் கொடிகள் பக்கம் அவன் போகவே இல்லை. அதனால் பிஎம் 2.5 சரியாக 13 வரும்போது என்ன நடக்கும் என்று பாருங்கள். குறைந்த அளவுகளில் இரண்டு கணக்குகளும் ஒரே எண்ணையே தரும், ஆகவே ஃபிரேமில் இரண்டு இடத்தில் 13 இருக்கும். இரண்டும் 10 ஆகிவிடும். கூட்டுத்தொகையில் 6 குறையும். செக்சம் பொருந்தாது. அவன் ப்ரோகிராம் செக்சத்தை ஒழுங்காகப் பார்க்கிற ப்ரோகிராம், ஃபிரேமைத் தூக்கிப் போட்டுவிடும். செக்சம் பார்க்காத ப்ரோகிராமாக இருந்தால் நிலைமை இதைவிட மோசம்: 13 என்பது 10 என்று லாகில் பதிவாகும், யாருக்கும் சந்தேகம் வராது.

17-ம் 19-ம் வேறு வகை. அவை காணாமலே போகும். 32 பைட்டுக்குப் பதில் 30 பைட் வரும். எண்ணி 32 பைட் எடுக்கிற ப்ரோகிராம், அடுத்த ஃபிரேமின் முதல் பைட்டுகளையும் இதோடு சேர்த்து எடுத்துவிடும். இந்த ஃபிரேமும் போச்சு, அடுத்ததும் போச்சு. அவன் 'நடுநடுவுல வரல' என்று சொன்னது இதைத்தான். இது பிஎம் 2.5 எண்ணோடு நிற்பதும் இல்லை. துகள் எண்ணிக்கைகளின் பைட்டுகளில் 13, 17, 19 எங்கே வந்தாலும் அந்த ஃபிரேம் வீண்.

இந்தச் சிக்கல் எந்த ஊரிலும் வரும். ஆனால் மலையில் அதிகம் வரும். ஆஸ்கி அட்டவணையில் 0 முதல் 31 வரை உள்ளவை எல்லாம் கட்டுப்பாட்டு எழுத்துகள். கோத்தகிரியின் நல்ல நாட்களின் பிஎம் 2.5 அதே இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் மதிய வேளைகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் ஒற்றை இலக்கமும் பத்திலிருந்து இருபதுக்குள்ளான எண்களும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன ஒரு நாள் வரம்பு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நம் நாட்டின் 2009-ம் ஆண்டுத் தரநிலையில் அதே ஒரு நாள் வரம்பு 60. 13 என்றால் நல்ல காற்று, 17, 19 என்றால் இந்த 15-ஐக் கொஞ்சம் தாண்டிய காற்று. அம்மாவின் ஜன்னல் விஷயத்தில் நான் முடிவெடுக்க வேண்டிய இடமே இதுதான். அந்த இடத்தில் மூன்று எண்கள் இல்லாத ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொடிகளைத் தொடவே தொடாத ப்ரோகிராமில் இன்னும் பெரிய விபரீதம் நடக்கும். ஃபிரேமின் நான்காவது பைட் எப்போதும் 28 என்று சொன்னேன். 28 என்பது டெர்மினலில் கன்ட்ரோல்-பின்சாய்கோடு, அதாவது 'க்விட்' சிக்னல். ஐசிக் கொடி இருந்தால் கெர்னல் அந்த 28-ஐ விழுங்கி, அதுவரை வரிசையில் காத்திருந்த பைட்டுகளையும் துடைத்துவிடும். 66, 77, 0 மூன்றும் அதோடு போய்விடும். ஒவ்வொரு ஃபிரேமிலும் தலைப்பு மட்டும் காணாமல் போவதைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்கு விடை இதுதான். போர்ட்டைத் திறக்கும்போது ஓ-நாக்டிடிஒய் என்ற கொடியையும் மறக்கக் கூடாது. அது இல்லாமல் சிஸ்டம்டி சர்வீஸாக (லினக்ஸ் தானே பின்னணியில் ஓட்டுவதாக) ஓடும் ப்ரோகிராம் திறந்தால், அந்தப் போர்ட்டே அதன் கட்டுப்பாட்டு டெர்மினலாகிவிடும். அப்போது 28 வந்தால் சிக்னல் ப்ரோகிராமுக்கே வந்து அதை முடித்துவிடும். கையால் ஓட்டும்போது நன்றாக ஓடுகிறது, சர்வீஸாகப் போட்டால் உடனே சாகிறது என்பார்கள்; முதலில் இதைப் பாருங்கள்.

தீர்வு சிறியது. டிசிகெட்ஆட்டர் ஃபங்ஷனைக் கொண்டு இருக்கும் அமைப்புகளை வாங்கி, சிஎஃப்மேக்ரா அழைத்து, வேகம் 9600 வைத்து, சிலோக்கல், சிரீட் கொடிகள் இரண்டையும் சேர்த்து, டிசிசெட்ஆட்டர் கொண்டு திருப்பி வைக்க வேண்டும். ஐசிஆர்என்எல், ஐஎக்ஸான், ஐகேனான், எக்கோ, ஐசிக் எல்லாவற்றையும் சிஎஃப்மேக்ரா ஒரே வரியில் நீக்கிவிடும். வைத்தபின் மறுபடி டிசிகெட்ஆட்டர் போட்டு, கேட்டது கிடைத்ததா என்று சரிபார்ப்பது நல்லது. கேட்டவற்றில் ஒன்று நடந்தாலே டிசிசெட்ஆட்டர் வெற்றி என்று சொல்லிவிடும். அண்ணன் மகன் மாற்றிப் போட்டு, மறுநாள் லாகை அனுப்பினான். 13 இருந்தது, 17 இருந்தது, 19 இருந்தது. சென்சார் அதேதான்.

இனி படிக்கும் முறை. இங்கே விமின், விடைம் என்ற இரண்டு அமைப்புகளைப் புரிந்துகொண்டால் இந்தச் சென்சாரை அழகாகப் படிக்கலாம். விமின் என்பது குறைந்தது எத்தனை பைட் வந்தால் ரீட் (போர்ட்டிலிருந்து படிக்கும் ஃபங்ஷன்) திரும்பலாம் என்பது, அதிகபட்சம் 255. விடைம் செகண்டில் பத்தில் ஒரு பங்கு கணக்கில். இரண்டும் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், முதல் பைட் வந்தபின்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். பிறகு இரண்டு பைட்டுகளுக்கு நடுவே அந்த நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் ரீட் இருப்பதைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். 9600 வேகத்தில் 32 பைட் வர 33 மில்லிசெகண்ட் ஆகும். அடுத்த ஃபிரேம் வருவதற்குள் குறைந்தது நூற்று அறுபது மில்லிசெகண்ட் அமைதி. விமின் 32, விடைம் 1 என்று வைத்தால், அந்த அமைதியே ஃபிரேமைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. பாதியில் ப்ரோகிராம் தொடங்கினாலும் முதல் துண்டு மட்டும் குறையாக வரும், அடுத்தது முழுதாக வரும்.

ஆனாலும் நான் அதை மட்டும் நம்புவதில்லை. 66-ம் 77-ம் டேட்டாவின் நடுவிலும் அடுத்தடுத்து வரலாம். அதனால் வரும் பைட்டுகளை ஒரு பஃபரில் சேர்த்து, 66 தேடி, 77 பார்த்து, நீளம் 28 தானா என்று பார்த்து, செக்சம் கூட்டிப் பார்த்து, பொருந்தவில்லை என்றால் முழு 32-ஐயும் எறியாமல் ஒரு பைட் மட்டும் தள்ளி மறுபடி தேடுகிறேன். எத்தனை செக்சம் தவறியது என்பதையும் லாகில் எழுதுகிறேன். கேபிள் ஆட்டம் காண்கிறதா, கொடி ஏதாவது மாறிவிட்டதா என்பதை அந்த எண்ணிக்கையே முதலில் சொல்லிவிடும். முதல் பைட்டே வராவிட்டால் ரீட் எப்போதும் காத்துக்கொண்டே இருக்கும் என்பதால், அதற்கு முன் 'போல்' (poll) என்ற ஃபங்ஷனை அழைத்து ஐந்து செகண்ட் கெடு வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் காற்றுமழை அடித்தால் மரம் விழும், கரண்ட் போகும், வரும். யூஎஸ்பி கழன்று மாட்டியது போல் ஆகி, ரீட் பூஜ்யமோ பிழையோ திருப்பும். பூஜ்யத்தை 'இன்னும் வரவில்லை' என்று எடுத்துக்கொண்டு லூப்பில் சுற்றினால் ப்ராசஸர் முழுக்க அதற்கே போகும். போர்ட்டை மூடி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி திறப்பதுதான் சரி.

பஃபரை எப்போதும் அன்சைன்ட் பைட்டாகவே அறிவியுங்கள். வெறும் 'கேர்' (char) என்று எழுதினால் லேப்டாப்பில் அது மைனஸ் எண்களும் கொண்டது, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் மைனஸ் இல்லாதது. 0.3 மைக்ரான் துகள் 1200 என்று வைத்துக்கொள்வோம். பைட்டுகள் 4, 176. பையில் 1200 என்றே வரும். லேப்டாப்பில் அந்த 176 மைனஸ் 80 ஆகி, 4-ஐ எட்டு பிட் தள்ளி 'ஆர்' போட்டதும் விடை மைனஸ் 80. செக்சம் பார்க்காமல் பிஎம் 2.5-ஐ மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. 127-ஐத் தாண்டினால்தான் வெளியே வரும். எங்கள் பக்கம் அது தீபாவளி இரவிலோ, கோடையில் காட்டுத்தீப் புகை இறங்கும் நாளிலோ நடக்கலாம். அதாவது, எண் மிகவும் தேவைப்படும் அன்றுதான் ப்ரோகிராம் கைவிடும். எழுத்துக்கான ஃபங்ஷன்களையும் இங்கே கொண்டுவரக் கூடாது. மூன்றாவது பைட் எப்போதும் 0; ஸ்டிரிங்கின் நீளத்தைக் கேட்டால் ஃபிரேமில் என்ன இருந்தாலும் 2 என்றுதான் பதில் வரும். ஸ்ட்ரக்ட் ஒன்றை அப்படியே மேலே போர்த்திப் படிப்பதும் வேண்டாம். சென்சார் பெரிய பைட்டை முதலில் அனுப்புகிறது, பையும் லேப்டாப்பும் சின்ன பைட்டை முதலில் வைப்பவை. இரண்டு பைட்டை எடுத்து நாமே எண் கட்டுவது ஒரு வரி வேலை.

இவ்வளவும் சரியானபின் கிடைக்கும் எண்ணை நம்பலாமா? வறண்ட நாளில் நம்பலாம். காலையில் பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டியதும் எண் ஏறுவது தெரிகிறது, வெயில் வந்து காற்று கிளம்பியதும் இறங்குவது தெரிகிறது. இரண்டாவதாக ஒன்று வாங்கி வீட்டுக்குள் வைத்ததில், வெளியே இருப்பதைவிட எங்கள் சொந்த வெந்நீர் அடுப்புதான் அம்மாவின் அறைக்கு அதிகப் புகை தருகிறது என்று தெரிந்தது. அடுப்பை வீட்டின் பின்பக்கம், அறைக்கு எதிர்த்திசையில் மாற்றிக் கட்டினோம். அந்த ஒரு காரியத்துக்கே இதன் விலை எனக்குச் சரியாகிவிட்டது.

மூடுபனி நாளில் நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம்தான் நன்றாகப் பிடிக்கும். மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மஞ்சு ஏறி வீட்டு முற்றத்துக்கு வந்துவிடும். அப்போது வெளியே இருக்கும் சென்சார் 50, 60 என்று காட்டும். மழை கழுவிய காற்று அது. சென்சாருக்குத் துகளும் நீர்த்துளியும் ஒன்றுதான், இரண்டும் ஒளியைச் சிதறடிக்கும். ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போன தூசியும் பெரிதாகத் தெரியும். அரசு கண்காணிப்பு நிலையங்களில் உள்ள பெரிய கருவிகள் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி உலர்த்திவிட்டு அளக்கும். இதில் ஹீட்டர் கிடையாது. இந்த விலையில் எதிர்பார்க்கவும் முடியாது. 99 சதவீத ஈரப்பதம் வரை வேலை செய்யும் என்று டேட்டாஷீட்டில் இருக்கிறது. வேலை செய்யும் என்பதற்குச் சரியாக அளக்கும் என்று பொருள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பர்ப்பிள்ஏர் கருவிகளுக்கு ஒரு திருத்தச் சூத்திரம் கொடுத்திருக்கிறது. அந்தக் கருவிகள் பலவற்றுக்குள் இருப்பதும் பிஎம்எஸ்5003 தான். முதல் கணக்கின் பிஎம் 2.5-ஐ 0.524 ஆல் பெருக்க வேண்டும். ஈரப்பத சதவீதத்தை 0.0862 ஆல் பெருக்கி அதிலிருந்து கழிக்க வேண்டும், 5.75 கூட்ட வேண்டும். 95 சதவீத ஈரப்பதத்தில் சென்சார் 60 என்றால் திருத்திய எண் 29. அந்த நாட்டுக் காற்றை வைத்துச் செய்த சூத்திரம் அது, நம் விறகுப் புகைக்கும் மஞ்சுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. நான் செய்வது வேறு. பக்கத்தில் எஸ்எச்டி31 ஈரப்பத சென்சார் ஒன்று வைத்து, ஈரப்பதம் 90-ஐத் தாண்டிய நேரத்து எண்களுக்கு லாகில் ஒரு குறி போடுகிறேன். அழிப்பதில்லை. சராசரி எடுக்கும்போது குறியிட்டவற்றை ஒதுக்கிவிடுவேன்.

பிஎம் 10 எண்ணை நான் பயன்படுத்துவதே இல்லை. இந்த வகை மலிவு லேசர் சென்சார்கள் பெரிய துகள்களை ஒழுங்காகப் பிடிப்பதில்லை; சிறிய துகள்களை வைத்து ஊகித்ததாகவே அந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். மண்சாலைத் தூசி அளக்க வேண்டும் என்றால் இது உங்களுக்கான பொருள் அல்ல.

கேபிள். சென்சாரின் கனெக்டர் 1.25 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட எட்டு முள். சாதாரண ஜம்பர் வயர் நுழையாது. வயரோடு விற்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். நான் முதலில் ஆன்லைனில் ஒரு மலிவான யூஎஸ்பி-சீரியல் பலகை வாங்கினேன். 3.3 வோல்ட் என்று போட்டிருந்தார்கள், மீட்டர் வைத்துப் பார்த்தால் சிக்னல் கம்பியில் 5 வோல்ட். சென்சாரின் ஆர்எக்ஸ் (கட்டளை வாங்கும்) முள்ளில் அதைக் கொடுக்கக் கூடாது. படிப்பதற்கு மட்டும் என்றால் சென்சாரின் டிஎக்ஸ் (டேட்டா அனுப்பும்) முள் ஒன்றை இணைத்தாலே போதும், அப்போது அந்தக் கவலை இல்லை. இப்போது வைத்திருப்பது எஃப்டிடிஐ நிறுவனத்தின் டிடிஎல்-232ஆர்-3வி3 கேபிள். மின்சாரம் 5 வோல்ட், சிக்னல் 3.3 வோல்ட், இந்தச் சென்சாருக்கு என்றே செய்தது போன்ற பொருத்தம். விலை அதிகம்தான். லேபில் பல வருடம் ஓட வேண்டியது என்றால் அந்த விலையைக் கொடுக்கலாம்.

சென்சாரின் சராசரி ஆயுள் மூன்று வருடமாவது இருக்கும் என்று டேட்டாஷீட் கணக்கு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுப்பி அளந்துவிட்டுத் தூங்க வைத்தால் நீண்ட நாள் வரும். தூங்க வைக்க 66, 77, 228, 0, 0, 1, 115 என்ற ஏழு பைட். எழுப்ப 66, 77, 228, 0, 1, 1, 116. கடைசி இரண்டு செக்சம், கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். எழுப்பியபின் ஃபேன் சீராக முப்பது செகண்ட் விட வேண்டும், அதுவரை வரும் எண்களை எறிந்துவிடுங்கள். தூங்கச் சொன்னதும் சென்சார் 8 பைட்டில் ஒரு பதில் அனுப்பும். அதில் நீளம் 28 இல்லை, 4. நீளத்தைப் பார்த்துப் படிக்கிற ப்ரோகிராமுக்கு இது பிரச்சினையே இல்லை. ஐஎக்ஸானை நீக்காத ப்ரோகிராமுக்கு மட்டும் இங்கேயும் ஒரு வம்பு உண்டு: டேட்டாவில் ஒரு 19 வந்திருந்தால், 17 வரும் வரை 'தூங்கு' என்ற கட்டளை வெளியே போகாமல் நிற்கும்.

இரண்டு சென்சார் வைப்பவர்கள் டிடிஒய்யூஎஸ்பி0, டிடிஒய்யூஎஸ்பி1 என்ற பெயர்களை நம்பாதீர்கள். கரண்ட் போய் வந்தால் எது முதலில் விழித்ததோ அது 0. வீட்டுக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் லாகில் இடம் மாறிவிடும். டெவ் ஃபோல்டருக்குள் சீரியல் என்ற ஃபோல்டரில், அடாப்டரின் வரிசை எண்ணோடு நிலையான பெயர் கிடைக்கும். எஃப்டிடிஐ கேபிள்களுக்கு அது ஒவ்வொன்றுக்கும் தனி. சிஎச்340 சில்லு உள்ள பலகைகள் பலவற்றில் வரிசை எண்ணே இருக்காது. அவற்றை வாங்கினால், எந்த யூஎஸ்பி ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதை வைத்து வரும் பெயரைப் பயன்படுத்துங்கள், ஓட்டைக்குப் பக்கத்தில் 'உள்ளே', 'வெளியே' என்று மார்க்கரால் எழுதியும் வையுங்கள்.